திருகோணமலையில் ஓட்ட எந்த ஹைபிரிட் கார் எடுக்கலாம்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வீடு உவர்மலையில். வேலை கந்தளாயில், வாரத்தில் ஐந்து நாள் போய்வர வேண்டும். மாதத்தில் ஒரு தடவை அம்மாவைக் கிளினிக்குக்குக் கொழும்புக்குக் கூட்டிப் போகிறீர்கள். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். பாவித்த ஹைபிரிட் (பெற்றோல் இயந்திரமும் மின் மோட்டாரும் சேர்ந்த கார்) ஒன்று எடுக்க நினைத்து, டொயோட்டாவில் அக்வா, அக்ஸியோ, ஹொண்டாவில் ஃபிட், வெசல், சுசுக்கியில் வெகன் ஆர் என்று ஐந்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். இடையில் மைத்துனர், “இன்னும் கொஞ்சம் போட்டுப் புது டொயோட்டா ரைஸ் எடுங்கோ” என்கிறார். எது நல்லது, வவுனியாவில் விற்பனைக்கு இருக்கிற அக்வா ஒன்றை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஓட்டத்துக்கு அக்ஸியோ ஹைபிரிட். நல்லதாக ஒன்று அகப்படாவிட்டால் அக்வா. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். இவ்வளவோடு நிறுத்தலாம். ஆனால் காரணம் தெரியாமல் கார் பார்க்கப் போனால், கழுவி மினுக்கி வைத்த வெசல் ஒன்றைக் கண்டதும் மனம் மாறிவிடும். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஆக்கள் ஹைபிரிட் என்றதும் கேட்பது, “லீற்றருக்கு எத்தனை ஓடும்?” என்றுதான். அதில் பிழை சொல்ல முடியாது. 2022 இல் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல். உங்களுடைய கந்தளாய் ஓட்டம் மட்டும் போகவர நாளுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர், வாரத்துக்கு 400. லீற்றருக்கு 20 ஓடுகிற கார் வைத்திருந்தவர் மட்டுந்தான் அந்த வாரத்தைத் தள்ளியிருப்பார். அந்த வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆனால் இந்த ஐந்து காருக்கும் இடையில் அந்தக் கணக்கில் இருக்கிற வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவு பெரிதல்ல. ஜப்பானில் ஜேசி08 என்ற பெற்றோல் சிக்கனப் பரிசோதனையில், லீற்றருக்குக் கிலோமீற்றர் கணக்கில், 2011 டிசம்பரில் வந்த அக்வாவுக்கு 35.4, 2013 இல் வந்த அக்ஸியோ ஹைபிரிட்டுக்கு 33, அதே ஆண்டு வந்த ஃபிட்டின் சிக்கன ரகத்துக்கு 36.4, 2017 இல் வந்த வெகன் ஆருக்கு 33.4, வெசலுக்கு 27 என்று போட்டார்கள். அது ஆய்வுகூடத்து உருளையில், ஏசி போடாமல் எடுத்த கணக்கு. எங்கள் வெயிலில், ஏசியோடு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஓடினால் அக்வாவும் அக்ஸியோவும் 20 இலிருந்து 24 வரை தரும். ஃபிட் அதற்கு ஒன்றிரண்டு குறைய. வெகன் ஆர் தனியே ஓட்டினால் 20 பக்கம், ஆள் ஏற ஏறக் குறையும். வெசல் 15 இலிருந்து 18. விற்கிறவர் “28 ஓடும்” என்றால் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள்.

உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காரிலும் எது பழுதாகும், அது எங்கள் சூட்டிலும் கடற்காற்றிலும் எவ்வளவு கெதியாகப் பழுதாகும், பழுதானால் திருகோணமலையிலேயே செய்யலாமா அல்லது லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா. கொழும்பில் இருக்கிறவருக்கு இந்தக் கடைசிக் கேள்வி ஒரு கேள்வியே இல்லை. 260 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற எங்களுக்கு அதுதான் பெரிய கேள்வி.

முதலில் வீதியைப் பார்ப்போம். ஹைபிரிட் பெற்றோலை மிச்சம் பிடிப்பது நெரிசலில். நிற்கும்போது இயந்திரம் அணைந்து கிடக்கும், பிறேக் பிடிக்கும்போது வீணாகப் போகிற சக்தி பற்றரிக்குத் திரும்பும். கொழும்பில் மருதானையில், பொரளையில் ஊர்ந்து போகிறவருக்கு அது பெரிய லாபம். எங்கள் ஏ6 வீதியில் சீனக்குடா தாண்டினால் கந்தளாய் வரை பிறேக் மிதிக்க வேலையே இல்லை, தம்பலகாமத்துப் பக்கம் மாடு குறுக்கே வந்தால் தவிர. அப்படியென்றால் ஹைபிரிட் எங்களுக்குத் தேவையில்லையா? அப்படியும் இல்லை. நகரத்துக்கு வெளியே காருக்குச் சட்ட வேகம் 70. டொயோட்டா ஹைபிரிட்டில் ஏறத்தாழ அந்த வேகத்துக்குக் கீழே கால் எடுத்தால் இயந்திரம் முழுதாக நின்று, கார் மோட்டாரில் வழுக்கிக்கொண்டு போகும். சமதரையான கார்பெட் வீதியில் 65 இல் அமைதியாக ஓட்டுகிறவருக்கு அது அடிக்கடி நடக்கும். 90 இல் பறந்தால் நடக்காது, அப்போது சாதாரணப் பெற்றோல் காருக்கும் இதற்கும் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். கந்தளாய்க்கு மாதம் 1,700 பக்கம், கொழும்புக்கு 500 சொச்சம், மொத்தம் 2,200 கிலோமீற்றர். ஹைபிரிட் 20 ஓடினால் 110 லீற்றர். ஹைபிரிட் இல்லாத 1500 சீசீ அக்ஸியோ இதே வீதியில் 14 ஓடினால் 157 லீற்றர். மாதம் 47 லீற்றர் மிச்சம். அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். இது பற்றரி மாற்றும் செலவைச் சில வருடங்களில் கட்டிவிடும் அளவு. ஆனால் உங்கள் மனைவியைப் போல நகரத்துக்குள் மாதம் 400 கிலோமீற்றர் மட்டும் ஓடுகிறவருக்கு மிச்சம் 15 லீற்றர் பக்கந்தான் வரும். அப்படி ஓடுகிறவர் ஹைபிரிட்டுக்காகக் கூடக் காசு கொடுத்து, பிறகு பற்றரிக்குப் பயந்து இருப்பதைவிட, நல்ல பெற்றோல் கார் ஒன்றை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது.

இனிக் கார்களுக்கு வருகிறேன். ஐந்தையும் ஹைபிரிட் என்றுதான் சொல்கிறோம், ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு.

அக்வாவும் அக்ஸியோ ஹைபிரிட்டும் உள்ளுக்குள் அண்ணன் தம்பி. அதே 1500 சீசீ இயந்திரம், அதே 144 வோல்ட் நிக்கல் பற்றரி, அதே மோட்டார் அமைப்பு. இரண்டு மோட்டார்களும் இயந்திரமும் ஒரு பல்சக்கரத் தொகுதியில் எப்போதும் சேர்ந்தே இருக்கும். கிளச் இல்லை. படிப்படியான கியர் இல்லை. ஸ்டாட்டர் மோட்டார் இல்லை, சாதாரணக் காரில் மின்சாரம் உண்டாக்குகிற ஓல்ட்டனேற்றர் இல்லை. ஏசி கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடும், அதனால் இயந்திரம் நின்றாலும் குளிர் குறையாது. தேய்வதற்கு என்று இருக்கிற சாமான் மற்றக் கார்களைவிடக் குறைவு. பத்து வருடம் தாண்டியும் இந்த அமைப்பு ஓடிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். உள்ளூர் மெக்கானிக்மாருக்குக் கைபழகியதும் இதுவே.

இதில் பழுதாவது பற்றரி. இருபது மொடியூல், எங்கள் கராஜ்களில் அதைச் ‘செல்’ என்பார்கள். ஒவ்வொன்றும் 7.2 வோல்ட். இந்த நிக்கல் பற்றரிக்கு எதிரி ஓட்டம் அல்ல, சூடு. பின் இருக்கைக்குக் கீழே அது இருக்கிறது. காருக்குள் இருக்கிற காற்றையே ஒரு சின்ன விசிறி உறிஞ்சி அதைக் குளிராக்குகிறது. அந்த விசிறியின் வாய் பின் இருக்கையை ஒட்டி இருக்கும். அதன்மேல் பாடசாலைப் பையை வைப்பார்கள், விரிப்பைப் போட்டு மூடுவார்கள். நிலாவெளிக் கடற்கரைக்குப் போய்வந்து மணலோடு கால் வைப்பார்கள். நான் கழற்றிப் பார்த்த அக்வாக்களில் பலவற்றில் விசிறியின் இதழ்களில் சாம்பல் நிறத் தூசி கம்பளிபோலத் தடித்துப் படிந்திருக்கும். விரலால் உரித்தால் ஒரே துண்டாக வரும். அப்படி அடைபட்ட வண்டி ஏப்ரல், மே வெயிலில் ஓடினால் உள்ளே நடுவில் இருக்கிற செல்கள்தான் முதலில் போகும், காற்று அங்கேதான் குறைவாகப் போகிறது. வருடத்தில் ஒரு தடவை விசிறியைத் துப்புரவாக்க ஒரு மணித்தியாலம் போதும். செய்கிறவர்கள் குறைவு.

செல் போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பார்கள். மலிவாக இருக்கும். கொஞ்சக் காலம் ஓடும், பிறகு பக்கத்தில் இருப்பது போகும், பிறகு அடுத்தது. பழைய பத்தொன்பதோடு புதிதாக ஒன்று ஒத்துப்போகாது. விற்கப் போகிறவர் அப்படிச் செய்வார். வைத்து ஓடப் போகிறவர் முழுப் பற்றரியையும் மாற்ற வேண்டும், அல்லது விலையில் அதைக் கழித்து வாங்க வேண்டும். ஆகவே பத்து வருடம் தாண்டிய அக்வாவையோ அக்ஸியோவையோ பார்க்கும்போது, பற்றரி இன்னும் மாற்றவில்லை என்றால், அந்தச் செலவு உங்களுடையது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இன்னொன்று, ஆக்கள் கவனிக்காதது: பிறேக். இந்தக் கார்களில் பிறேக் அழுத்தத்தை ஒரு மின் பம்ப் உண்டாக்கி வைத்திருக்கும். சாரதிக் கதவைத் திறந்ததும் முன்பக்கத்தில் மெல்லிய உறுமல் ஒன்று சில வினாடி கேட்கும், அது அதன் வேலை. காரை நிறுத்தி வைத்து பிறேக்கை மெதுவாகப் பல தடவை மிதித்துப் பாருங்கள். ஒவ்வொரு மிதிக்கும் அந்தப் பம்ப் ஓடினால், அல்லது மிதிக்காமலே சும்மா விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தால், உள்ளே அழுத்தம் நிற்கவில்லை. அந்தத் தொகுதியின் விலையைக் கேட்டால் பற்றரியே பரவாயில்லை என்று தோன்றும்.

அப்போ ஏன் அக்வாவுக்கு முன்னால் அக்ஸியோ என்றேன்? அம்மாவுக்காக. அக்வா தாழ்வான கார், பின் கதவு சின்னது. முழங்கால் வருத்தக்காரர் உள்ளே குனிந்து ஏறுவதும், கொழும்பு வரை பின்னால் இருப்பதும் பாடு. பிள்ளைகள் இருவரோடு மூன்றாவது ஆளாக அவர் நடுவில் மாட்டினால் ஹபரணை வருவதற்குள் முணுமுணுப்புத் தொடங்கும். அக்ஸியோவில் கதவு அகலம், இருக்கை சற்று உயரம், பெட்டி வைக்கத் தனி டிக்கி. தனி ஆளாகவோ சோடியாகவோ இருந்தால் அக்வாவை முதலில் சொல்லியிருப்பேன். அதற்குச் சந்தையில் வண்டியும் அதிகம், உதிரிச் சாமானும் அதிகம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது பிரியஸ் காட்டுவார்கள். 2009 இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸ், 1800 சீசீ. இருக்க வசதி, வீதியில் ஒட்டிக்கொண்டு போகும். ஆனால் அதன் இயந்திரத்தில் புகையைத் திருப்பி உள்ளே அனுப்புகிற ஈஜிஆர் பாதையில் கரி அடைந்து, பிறகு ஹெட் காஸ்கெட் போகிற வியாதி உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. காலையில் முதல் ஸ்டாட்டில் கடகடவென்று உலுக்கினால் விட்டுவிடுங்கள். குளிர்நீர் குறைகிறதா என்று இரண்டு கிழமை பார்த்து வாங்க யாருக்கும் பொறுமை இருக்காது, ஆகையால் நான் அதைச் சொல்வதில்லை.

சரி, ஹொண்டா. இங்கேதான் ஆக்கள் குழம்புகிறார்கள், ஏனென்றால் ‘ஃபிட் ஹைபிரிட்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு கார்கள் ஓடுகின்றன.

2010 இல் வந்த ஜிபி1 ரகத்தில் 1300 சீசீ இயந்திரத்துக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் மெல்லிய மோட்டார் ஒன்று, அவ்வளவுதான். அது தள்ளிக் கொடுக்கும், தனியாக இழுக்க அதனால் பெரிதாக முடியாது. கியர்பொக்ஸ் சாதாரண சீவீரீ, அதாவது படிகள் இல்லாத தானியங்கிக் கியர். எளிமையான கார். பற்றரி போனாலும் கூடச் சிலர் அப்படியே ஓட்டித் திரிகிறார்கள், நல்ல பழக்கம் இல்லை. வயதுதான் அதன் பிரச்சினை.

2013 செப்ரெம்பரில் வந்த ஜிபி5 வேறு பிறவி. 1500 சீசீ, லிதியம் பற்றரி, மோட்டாரை உள்ளே வைத்த ஏழு கியர் இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டி. ஓட்டிப் பார்த்தால் அக்வாவைவிட உயிரோட்டமாக இருக்கும், உண்மை. உள்ளே இடமும் கூட. பின் இருக்கையின் அடிப்பகுதியை மேலே மடக்கினால் சைக்கிளே வைக்கலாம். இதே கியர்ப்பெட்டிதான் வெசலிலும், ஹொண்டாவின் கிரேஸ் காரிலும். இந்தப் பெட்டிக்காக ஹொண்டா பட்ட பாடு ஊரறிந்தது: ஜப்பானில் ஒரு வருடத்துக்குள் ஃபிட் ஹைபிரிட்டைப் பழுது திருத்த ஐந்து தடவை திருப்பி அழைத்தார்கள், 2014 ஒக்ரோபரில் ஐந்தாவது தடவை அறிவித்தபோது நிறுவனத் தலைவர் உட்பட மேலதிகாரிகள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பிறகு மென்பொருளைத் திருத்தினார்கள், பிந்திய வருட வண்டிகள் பரவாயில்லை. ஆனால் கிளச் கிளச்தான். அது தேயும். ஊர்ந்து போகும்போதும் ஏற்றத்தில் நின்று நகரும்போதும் சூடாகும், அதிகம் சூடானால் திரையில் எச்சரிக்கை வரும், அதுவும் ஜப்பான் எழுத்தில் வந்தால் பாதிப் பேருக்கு விளங்காது.

உங்களுக்கு இதைப் பரிசோதிக்க வீட்டு வாசலிலேயே இடம் இருக்கிறது. உவர்மலை ஏற்றத்துக்குக் காரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அரை மணித்தியாலம் ஓடிச் சூடான பிறகு, ஏற்றத்தில் நிறுத்தி, ரிவர்ஸில் போட்டு, காலை மெதுவாக எடுத்துப் பின்பக்கமாக மேலே ஏற்றுங்கள். நல்ல பெட்டி சத்தமில்லாமல் ஏறும். தேய்ந்த பெட்டி அதிரும். ஸ்டியரிங்கில் பிடித்திருக்கிற கைக்கே அது தெரியும். விற்கிறவர் “ஹொண்டா எல்லாம் இப்படித்தான்” என்பார். எல்லாம் அப்படி இல்லை. பிறகு முன்பக்கமாக, நடக்கிற வேகத்தில் ஒரு ஐந்து நிமிடம் ஊருங்கள், முதலாம் இரண்டாம் கியருக்கு இடையில் தட்டுகிறதா என்று பாருங்கள்.

பெட்டி பழுதானால் திருகோணமலையில் அதைத் திறந்து பார்க்கிறவர் அருமை. பெரும்பாலும் குருநாகல் அல்லது கொழும்பு என்றுதான் சொல்வார்கள். நீங்கள் நாளாந்தம் அந்தக் காரை நம்பி வேலைக்குப் போகிறவர். இதனால்தான் ஃபிட்டையும் வெசலையும் பின்னுக்குத் தள்ளுகிறேன், கார் கூடாது என்பதால் அல்ல.

வெசலுக்கு ஒரு வார்த்தை. உயரம், கம்பீரம், 185 மில்லிமீற்றர் தரை இடைவெளி, குச்சவெளிப் பக்கம் கிறவல் பாதையில் போக வசதி. அம்மா ஏறி இறங்க அக்ஸியோவைவிடவும் சுகம். காசு ஒரு பிரச்சினை இல்லை, கிளச் செலவு வந்தால் தாங்குவேன் என்றால் எடுக்கலாம், 2016க்குப் பிந்தியதாகப் பாருங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்கத்தான் ஹைபிரிட் என்றால் வெசல் அதற்குரிய கார் அல்ல. அதே காசுக்கு இன்னும் பிந்திய வருட அக்ஸியோ வரும்.

வெகன் ஆர். இது மெல்லிய ஹைபிரிட். 660 சீசீ இயந்திரத்தில் ஓல்ட்டனேற்றர் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் பெரிய மோட்டார், இருக்கைக்குக் கீழே சின்ன லிதியம் பற்றரி. மோட்டார் தனியாக நகர்த்துவது ஊர்கிற வேகத்தில் சில வினாடிதான். ஏசி கொம்பிரசர் பெல்ட்டில் ஓடுவதால் இயந்திரம் அணைந்து நிற்கும்போது குளிர் மெல்ல மெல்லக் குறையும். மதியம் உட்துறைமுக வீதியில் பிள்ளைகளை ஏற்றக் காத்து நிற்கிறவருக்கு அது தெரியும். நகரத்துக்குள் ஓட அருமையான வண்டி, எந்த ஒழுங்கைக்குள்ளும் திரும்பும், வயதானவர்கள் குனியாமல் ஏறலாம். உங்கள் மனைவிக்கு என்று தனியாக ஒன்று எடுத்தால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஐந்து பேரோடு கொழும்புக்கு? அது நாலு பேருக்கான கார், சட்டப்படியே. அகலம் 1.5 மீற்றர்கூட இல்லை, எடை 800 கிலோவுக்குக் கீழே. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் எதிரே கொள்கலன் லொறி ஒன்று கடந்தால் கார் ஒரு தடவை தள்ளாடும். அந்தத் துண்டு வீதியில் மாலை ஆனால் யானை நிற்கும். 52 குதிரைவலுவை வைத்துக்கொண்டு அவசரத்துக்கு விலகி ஓடுவதைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

நிசான் நோட் ஈ-பவர் பற்றியும் கேட்பார்கள், அதனால் சுருக்கமாக. அதில் பெற்றோல் இயந்திரம் மின்சாரம் உண்டாக்க மட்டுந்தான், சக்கரத்தைச் சுற்றுவது முழுக்க மோட்டார். ஓட்டச் சுகம் மின்கார் மாதிரி. நெரிசலில் நல்ல மிச்சம், நீண்ட வீதியில் அவ்வளவு இல்லை. உங்கள் ஓட்டம் நீண்ட வீதி.

இனி மைத்துனர் சொல்லும் ரைஸ். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தது. ஐந்து வருட இடைவெளியில் ஜப்பானில் பல கார்கள் ஒரு தலைமுறை மாறிவிட்டன: ரைஸ் ஹைபிரிட், யாரிஸ் குரொஸ், 2021 இல் வந்த இரண்டாம் தலைமுறை அக்வா, ஹொண்டாவில் ஈ:ஹெச்ஈவி என்ற புதிய ஹைபிரிட் முறையோடு வந்த ஃபிட், வெசல். ஹொண்டாவின் இந்தப் புதிய முறையில் அந்த இரட்டைக் கிளச் பெட்டியே இல்லை. எனவே ‘ஹொண்டா வேண்டாம்’ என்று நான் மேலே சொன்னதைப் புது வெசலுக்கு மேல் போடாதீர்கள், அது நல்ல கார், விலைதான் எட்டாது.

ரைஸ் ஹைபிரிட் டைஹட்சு செய்து டொயோட்டா பெயரில் விற்பது. நோட்டைப் போலவே 1200 சீசீ இயந்திரம் மின்சாரம் மட்டும் உண்டாக்கும். நகரத்தில் சுறுசுறுப்பு. 2023 மே மாதம் இதன் பக்கவாட்டு மோதல் பரிசோதனையில் ஒழுங்கீனம் நடந்தது என்று டைஹட்சுவே ஒப்புக்கொண்டு, உற்பத்தியை நிறுத்தி வைத்துப் பிறகு தொடங்கினார்கள். கார் ஆபத்து என்று நான் சொல்லவில்லை, இவ்வளவு காசு கொடுக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அந்தக் காசில் கை வைக்க முடியும் என்றால் நான் யாரிஸ் குரொஸைப் பார்ப்பேன். அக்ஸியோவில் இருக்கிற அதே முறை, புதிய இயந்திரம், உயரமான உடல், நீண்ட வீதிக்குப் பொருத்தம். புது அக்வாவும் மோசமில்லை. அதில் 1500 வாற்று வரை தருகிற மின் சொருகி இருக்கிறது, கரண்ட் போனால் வீட்டுக்கு எடுக்கலாம் என்று விற்கிறவர்கள் ஆசை காட்டுவார்கள். அது ஜப்பானின் 100 வோல்ட். எங்கள் 230 வோல்ட் பிரிஜ்ஜை நேராகச் சொருக முடியாது.

ஆனால் புதுக் காரில் விலையின் பெரும் பகுதி வரி. அந்த வரியைப் பெற்றோலில் மிச்சம் பிடித்து ஈடுகட்ட இந்த ஆயுள் போதாது. லீசிங் எடுத்துப் புதிது வாங்கப் போகிறீர்கள் என்றால் மாதத் தவணையையும் அந்த 47 லீற்றரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், மைத்துனருக்கும் காட்டுங்கள்.

எங்கள் ஊருக்கென்று சில விஷயங்கள். ஹைபிரிட்டில் பாதிப் பிறேக்கை மோட்டார் பிடிப்பதால் டிஸ்க்கும் பேடும் குறைவாகத் தேயும், ஆட்கள் அதை லாபம் என்று சந்தோஷப்படுவார்கள். உப்புக்காற்றில் அது நட்டமும்கூட. தேயாத டிஸ்க்கில் துரு ஏறும், பேடை டிஸ்க்கில் அழுத்துகிற கலிப்பரின் ஊசி இறுகும், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கத் தொடங்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நின்ற காராக இருந்தால் சக்கரத்தைக் கழற்றி இதைப் பாருங்கள், அடிப்பகுதியையும் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். பெரிய பற்றரியைப் பற்றியே எல்லோரும் கதைக்கும்போது, 12 வோல்ட் சின்னப் பற்றரிதான் அதிகம் பேரை வழியில் விடுகிறது. டொயோட்டாவில் அது காருக்கு உள்ளே, பின்பக்கம் இருக்கும். வாயு வெளியேறக் குழாய் உள்ள, அதற்கென்றே செய்த ரகத்தைத்தான் போட வேண்டும். மலிவு என்று சாதாரணப் பற்றரியை உள்ளே வைத்த வண்டிகள் உண்டு. பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றுகிற இன்வேட்டருக்குத் தனிக் குளிர்நீர்த் தொட்டி ஒன்று முன்னால் இருக்கும், அதில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருந்தால் நிறத்திலேயே தெரியும்.

வெள்ளம் அடுத்தது. அக்வாவிலும் அக்ஸியோவிலும் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே என்றேன். அப்படியென்றால் காருக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தாலே போதும், அது பற்றரிக்கு எட்டும். நவம்பர், டிசம்பர் மழையில் நின்ற கார்கள் கழுவிக் காயவைத்து மாசியில் விற்பனைக்கு வரும். பின் இருக்கையைத் தூக்குங்கள், அது இலகுவாகக் கழலும். உள்ளே இருக்கிற ஆணித் தலைகளில் துரு இருக்கிறதா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கேதான் மிஞ்சியிருக்கும். காருக்குள் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் கூடக் கவனம்.

காரின் கணினியில் கருவி ஒன்றைச் சொருகி ஸ்கான் பண்ணாமல் ஹைபிரிட் வாங்கவே கூடாது. ஆனால் எப்படி ஸ்கான் பண்ணுவது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பற்றரி பழுதைக் காட்டும் பி0ஏ80 என்ற குறியீட்டை, நீங்கள் வருவதற்கு அரை மணித்தியாலம் முன் அழித்துவிடலாம். விளக்கு அணைந்துவிடும், சில நாளில் மறுபடி எரியும். அதனால் “கோட் ஏதும் இல்லை” என்ற ஒரு வரி அறிக்கை போதாது. ஸ்கானரைப் பொருத்தியபடியே ஓட்டி, ஏசியை முழுதாகப் போட்டு, ஏற்றத்தில் அழுத்தி எடுக்கும்போது ஒவ்வொரு பகுதியின் வோல்ட்டும் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து விழுந்து சேர்ந்து எழும்பினால் நல்லது. ஒன்று மட்டும் முந்தி விழுந்தால் அதுதான் போகப் போகிற செல். டொயோட்டாவுக்கு டொக்டர் பிரியஸ் என்ற செயலி இருக்கிறது, புளூடூத் கருவி ஒன்று வாங்கிச் சொருகினால் போனிலேயே இதைப் பார்க்கலாம். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள், விற்கிறவர் காட்டுகிற மெக்கானிக்கை அல்ல.

காரைக் காலையில், குளிராக இருக்கும்போது பாருங்கள். “வரும்போது ஸ்டாட் பண்ணாமல் வையுங்கோ” என்று முதலே சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேட்கலாம். ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது காரின் நிலையை எழுதிக் கொடுத்த ஏலச் சீட்டைக் கேளுங்கள், அதில் இருக்கிற கிலோமீற்றரையும் சேர்விஸ் பதிவையும் மீற்றரோடு ஒப்பிடுங்கள். மீற்றரைக் குறைப்பது கடினமான வேலை அல்ல. மிதிகட்டையின் ரப்பரும் ஸ்டியரிங்கின் தோலும் அவ்வளவு இலகுவாகப் பொய் சொல்லாது. சேசிஸ் இலக்கத்தை வைத்துத் தகாட்டா நிறுவனத்தின் பழுதான காற்றுப்பைகளுக்கான திருப்பியழைப்பில் அந்தக் கார் இருக்கிறதா, மாற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள், அந்தக் காலத்து ஜப்பான் கார்கள் பலவற்றில் அந்தப் பிரச்சினை உண்டு.

பத்திரம் விஷயத்தில், பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் கிடக்கிறதா என்று பாருங்கள். ‘ஓபன் பேப்பர்’ என்று கையெழுத்து மட்டும் போட்ட தாளோடு மூன்று கை மாறிய வண்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்க வேண்டாம்.

நீங்கள் கடைசியில் கேட்ட அந்த வவுனியா அக்வாவுக்கு வருகிறேன். 2013 வண்டி, ‘பற்றரி நேற்றுத்தான் செய்தது’ என்கிறார்கள் என்றீர்கள். செய்தது என்றால் எத்தனை செல், புதிய முழுப் பற்றரியா, யார் செய்தது, எழுத்தில் உத்தரவாதம் இருக்கிறதா என்று கேளுங்கள். முழுதும் மாற்றிய பற்றுச்சீட்டைக் காட்டினால் ஒரு சனிக்கிழமை காலையிலேயே போய்ப் பாருங்கள், நீங்கள் சொன்னது நல்ல விலைதான். இரண்டு மூன்று செல் மாற்றினோம் என்றால் முழுப் பற்றரிக் காசைக் கழித்துக் கேளுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் விடுங்கள். எதுவானாலும் முற்பணம் அனுப்ப வேண்டாம், சேசிஸ் இலக்கத்தின் படத்தை முதலில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.